வேண்டுதலுக்குக் களையெடுத்த தோட்டம்

குதிரை வண்டி ஊசுட்டேரிக் கரைமேட்டில் ஏறித் திரும்பியதும் எனக்கு முதலில் தெரிந்தது எங்கள் வீட்டுச் சுவர். அடியிலிருந்து கூரை வரைக்கும் முழுச் சுவர். அந்த வீட்டில் ஐந்தாறு வருஷம் குடியிருந்தவள் நான். அந்தச் சுவரை அப்படி மொத்தமாகப் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன.

“வேற வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துட்டீங்க” என்றேன் வண்டிக்காரரிடம்.

“இல்லம்மா, இதான். உங்க அக்கா வாசல்ல நிக்கிறாங்க பாருங்க” என்றார் அவர்.

வாசலில் செலின் அக்கா நின்றிருந்தார். என் கணவரின் கூடப்பிறந்த மூத்தவர். இஸ்திரி மடிப்புக் கலையாத புடவையில் மட்டுமே நான் பார்த்திருந்த மனுஷி. அன்றைக்குப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் வரை சேறாக, கையில் களைக்கொத்தோடு நின்றார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

“வா, வா ரோசாலி! கண்ண மூடிக்கிட்டு வரச் சொல்லலாம்னு நெனச்சேன். தள்ளாடி விழுந்து வெப்பியேன்னு வுட்டுட்டேன்.”

வீட்டைச் சுற்றி ஒரு செடி இல்லை. தண்ணீர் விளிம்பு வரைக்கும் செம்மண் கொட்டித் தட்டிச் சமன் செய்திருந்தது. அதன் மேல் ஒரு வரிசை சாமந்தி, ஒரு வரிசை கோழிக்கொண்டை, மறுபடி சாமந்தி. எல்லாம் பூவோடு வாங்கி நட்டவை. ஓரம் கட்டச் செங்கல்லைச் சாய்த்துப் புதைத்து வெள்ளையடித்திருந்தது. மூலையில் ஒரு குவியல் புகைந்துகொண்டிருந்தது. பச்சை நொச்சி எரிகிற வாசனை எனக்கு நன்றாகத் தெரியும்.

“எங்கேக்கா?” என்றேன்.

“எது?”

“எல்லாம்.”

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பில் பொய் இல்லை, வஞ்சம் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஒருத்தியை வாயாரத் திட்டிவிட்டாவது நான் தூங்கியிருப்பேன்.

வரிசையைக் கண்டால் ஆகாத மனுஷன்

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களைப் பற்றி எழுதியிருந்தேன். என் கணவர் அந்துவானும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். ஊரில் எங்களைச் சொல்தா குடும்பம், அதாவது சிப்பாய் குடும்பம் என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா வரைக்கும் போய், ஒரு பக்க நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். மற்ற சொல்தாக்கள் மெடலைக் காட்டுவார்கள். இவர் மெடலைப் பீரோவில் துணிக்கு அடியில் போட்டுவிட்டார். பிறகு அது எந்தப் புடவையோடு எங்கே போனதோ, தெரியாது.

பட்டாளத்தில் அவருடைய வேலை சுட்டது கொஞ்சம், புதைத்தது அதிகம். செத்தவர்களை வரிசையாகப் புதைக்க வேண்டும், கயிறு கட்டி அளந்து புதைக்க வேண்டும், கோணக் கூடாது. கோணினால் மேலதிகாரி கத்துவாராம். இதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

அதிலிருந்து வரிசை என்றாலே அவருக்கு ஆகாது. கோயிலில் பெஞ்சு வரிசையில் உட்கார மாட்டார், தூண் ஓரமாக நிற்பார். நான் தோசைக்கல்லைக் கழுவிச் சுவரில் மற்ற சட்டிகளோடு வரிசையாகச் சாய்த்து வைத்தால், போகிற போக்கில் ஒன்றைத் தள்ளி வைத்துவிட்டுப் போவார். பைத்தியக்காரத்தனம்தான். பழகிவிட்டது.

பிரெஞ்சுத் துரைமார் மூட்டை கட்டத் தொடங்கிய சமயம் அது. ஊசுட்டேரிக் கரையில் அவர்களுக்கு நாலைந்து வீடுகள் இருந்தன. சனி ஞாயிறு வந்து வாத்து சுட்டுத் தின்று, ஒயின் குடித்துவிட்டுப் போவதற்கான சின்ன ஓட்டு வீடுகள். ஒவ்வொன்றின் முன்னும் குரோட்டன்ஸ், தொட்டியில் ரோஜா, வெள்ளையடித்த செங்கல் பாத்தி. பாதிச் செடி வெயிலில் கருகி நிற்கும். அதற்கு ஒருவன் காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவான். இத்தனைக்கும் பத்தடியில் ஏரி. அதன் கரையில் யாரும் ஊற்றாத செடி செழித்துக் கிடக்கும்.

அப்படிப்பட்ட வீடொன்றை அவர் வாங்கினார். டவுனில் காற்று ஆகவில்லை, நெஞ்சு அடைக்கிறது என்றார். வாங்கிய வாரமே ரோஜாத் தொட்டிகளைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிட்டார்.

“ஒண்ணாவது இருக்கட்டுமே” என்றேன்.

“வீட்டுக்கு ஒரு ரோசா போதும். அது முள்ளே தாங்க முடியல” என்றார்.

புளியங்கொட்டை

அவர் செடி வைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் அக்கா செய்தது என்னவென்று புரியாது.

முதலில் பல நாள் ஒன்றுமே நடவில்லை. ஏரிக்கரையில் ஏதாவது ஓரிடத்தில் போய்க் குந்திக்கொள்வார். தண்ணீருக்குள் சம்பு, அதை ஒட்டிக் கோரை, சேற்றில் நீர்முள்ளி, கொஞ்சம் மேலே பொடுதலையும் வல்லாரையும், அதற்கும் மேலே நொச்சி, நொச்சிமேல் படர்ந்து கோவைக்கொடி.

“யாரு பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்கன்னு பாரு ரோசாலி. பந்தியில மாமனாரையும் சம்பந்தியையும் மாத்தி உக்கார வெச்சா சண்டை வராது? அதான் இதுலயும்.”

பிறகு நட ஆரம்பித்தார். ஒரு கைப்பிடி புளியங்கொட்டையை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு வீசுவார். கொட்டை விழுந்த இடத்தில்தான் குழி. இரண்டு கொட்டை ஒட்டி விழுந்தால் இரண்டு செடி ஒட்டித்தான் நிற்கும். ஓரிடம் காலியாக விழுந்தால் காலிதான். செடியை அதன் சொந்தச் சேற்றோடு பெயர்த்துக் கொண்டுவருவார். முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர். அப்புறம் நீயாச்சு மழையாச்சு.

ஏரியில் பாதி அந்தப் பக்கத்து ஊர்களுக்குச் சேர்ந்தது. அப்போது அது இந்தியா, நாங்கள் இருந்தது பிரான்ஸ். ஒரு நாள் அக்கரையிலிருந்து நாணலும் தாழங்கன்றுமாகக் கட்டித் தலையில் தூக்கி வந்தவரை எல்லைச் சாவடிக் காவலர் பிடித்துவிட்டார். கட்டை அவிழ்த்துக் கொட்டச் சொன்னார். வெறும் புல். காவலர் நம்பவில்லை. சேற்றை விரலால் கிளறிக் கிளறிப் பார்த்தாராம்.

“அவரு மேல தப்பில்ல. இந்தப் பக்கமே இவ்ளோ புல்லு இருக்கும்போது எவனாவது புல்லு கடத்துவானா?” என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும். இருமி முடித்துவிட்டு மறுபடி சிரிப்பார்.

எல்லாம் பிழைத்துவிடவில்லை. ஆசையாகக் கொண்டுவந்த தாழை ஒன்றுகூட நிற்கவில்லை. நாவல் கன்றை ஆடு தின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கொட்டை வீசியதில் சமையலறை வாசலுக்கு நேராக நீர்முள்ளி அமைந்து, என் கால் கிழியாத நாள் இல்லை. “கொட்டை சொன்ன எடம், நான் என்னா பண்றது?” என்பார். ஒரு தடவை சண்டை முற்றி இரண்டு நாள் பேசாமல் இருந்தோம்.

ஆனால் மூன்றாவது மழைக்காலத்தில் அந்த இடம் கூடிவிட்டது. வீட்டின் பின்சுவர் எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஐப்பசி பிறந்தால் வேலி முழுக்கச் செங்காந்தள் பற்றி ஏறும். நீர்க்கோழி சம்புக்குள் குஞ்சு பொரித்துக்கொண்டு சமையலறை ஜன்னலடி வரை வரும். அரிசி கழுவிய தண்ணீரை வெளியே வீசும்முன் நான் குரல் கொடுத்துவிட்டு வீசுவேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. யாருக்காவது குரல் கொடுக்க வேண்டியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

யாருக்கும் தெரியாத வேலை

அடுத்த வீட்டில் பிரெஞ்சுக் காலத்து உத்தியோகஸ்தர் ஒருவர் குடியேறினார். குரோட்டன்ஸ்காரர். அவர் எங்கள் வேலிக்கு அப்பால் நின்று, “முசியே அந்துவான், ஆளு தேவைன்னா சொல்லுங்க, நான் அனுப்புறேன். பாம்பு அடையும்” என்பார்.

இவர் பணிவாக, “மெர்சி முசியே, ஒடம்பு முடியல, அடுத்த மாசம் பாக்கலாம்” என்பார். உள்ளே வந்து என் தோளில் தட்டிச் சிரிப்பார். தான் நட்டது என்று யாருக்கும் தெரியக் கூடாது. தானாக முளைத்தது என்று பார்க்கிறவர் ஏமாற வேண்டும். அதுதான் அவருக்கு வெற்றி. சொந்த அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. அக்கா வருவதே ஈஸ்டருக்கு மறுநாள்தான். கோடையில் எல்லாம் காய்ந்து மஞ்சளாக நிற்கும். “என்னாடா தம்பி, இப்படிப் போட்டு வெச்சிருக்கே?” என்று கேட்பார். இவர் தலையைச் சொறிவார்.

ஊரே ஏமாந்தது. அந்த வெற்றியைத்தான் நான் பிறகு மென்று விழுங்க வேண்டியிருந்தது.

அவருக்கு நெஞ்சு முழுசாக அடைத்துப்போன நாட்களில் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தோம். பேச்சு துண்டு துண்டாகத்தான் வரும்.

“என்னைக் கொண்டுபோயி வரிசையிலதான் வெப்பாங்க. அது ஊரு வழக்கம், வுட்டுடு. இத மட்டும் யாரும் வரிசை கட்டாம பாத்துக்க.”

“பாத்துக்கிறேன்” என்றேன்.

அவர் என்னிடம் கேட்டது வாழ்நாளில் அது ஒன்றுதான். சாப்பாட்டில் உப்புக்கூடக் கேட்டதில்லை.

டவுன் கல்லறையில் வரிசையில்தான் வைத்தார்கள். சக சொல்தாக்கள் வந்து சல்யூட் அடித்தார்கள். நான் ஏரி வீட்டுக்கே திரும்பினேன். தனியாக எப்படி இருப்பாய் என்று ஊர் கேட்டது. நான் தனியாக இல்லை. அந்த வருஷ மழையில் காந்தள் வேலியைத் தாண்டி ஓட்டின்மேல் ஏறிப் பூத்தது. யாரும் பார்க்காதபோது அதனிடம் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

நொச்சி இலை

அதற்கு மறுவருஷம் மழை தொடங்கும் நேரம் எனக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் டைபாய்டு என்றார். செலின் அக்கா வண்டி வைத்துக்கொண்டு வந்து, டவுனில் தன் வீட்டுக்கு என்னைத் தூக்கிப்போனார். தூக்கி என்றால் நிஜமாகவே தூக்கி. எனக்கு நடக்கத் தெம்பில்லை.

கஞ்சியைத் துணியில் வடிகட்டி ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினார். என் துணியைத் தானே அலசினார். தலைவலிக்கு இலையைக் கொதிக்க வைத்து வேது பிடிக்க நொச்சி வேண்டுமென்று யாரோ சொல்ல, “தம்பி வூட்டாண்ட நிறைய இருக்குமே, வூட்டையும் ஒரு பார்வை பாத்துட்டு வரேன்” என்று ஏரிக்குப் போனார்.

அங்கேதான் வந்தது வினை. மழையில் தோட்டம் அதன் முழு ஆட்டத்தில் நின்றிருக்கிறது. வழி தெரியாத கோரை, ஓட்டின்மேல் கொடி, வாசல் மறைத்து நீர்முள்ளி. அக்காவின் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

எங்கள் சனத்தில் செத்தவர்மேல் உள்ள பாசத்தைப் புல் பிடுங்கிக் காட்டுவோம். நவம்பர் பிறக்கும் முன்னே கல்லறைக்குப் போய்க் களையெடுத்து, சுண்ணாம்பு பூசி, பூ நட்டு, மெழுகுவர்த்தி ஏற்றத் தயார் செய்வோம். ஒரு கல்லறைமேல் புல் முளைத்தால், இவனுக்கு அழ ஆளில்லை என்று அர்த்தம். ஊர் அதைச் செத்தவன்மேல் சொல்லாது, இருப்பவர்மேல் சொல்லும். அப்படி வளர்ந்த அக்கா அந்த இடத்தைப் பார்த்தால், தம்பி செத்த துக்கத்தில் தம்பி பெண்டாட்டி சீரழிந்து கிடக்கிறாள் என்றுதான் நினைப்பார். வேறெப்படி நினைப்பார்?

திரும்பும் வழியிலேயே வில்லியனூர் மாதாவிடம் நேர்ந்துகொண்டுவிட்டார். ரோசாலி பிழைத்து எழுந்தால், தம்பி இருந்த இடத்தை ஒரு புல் இல்லாமல் என் கையாலேயே சுத்தம் செய்கிறேன், ஆள் வைக்க மாட்டேன், முட்டி போட்டுத்தான் செய்வேன் என்று.

அந்த நொச்சியில் வேது பிடித்தேன். காய்ச்சல் இறங்கியது. எனக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுப் பகலெல்லாம் அக்கா எங்கேயோ போய் வந்தார். கேட்டால் “வேண்டுதல்” என்பார். எந்த வேண்டுதல் என்று கேட்பது வழக்கமில்லை.

அக்காவின் உள்ளங்கை

இப்போது அந்த வாசலுக்கு வருகிறேன்.

அக்கா என் கையைப் பிடித்துச் சுற்றிக் காட்டினார். எந்த மூலையில் எவ்வளவு பாடுபட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கோரைக் கிழங்கை விரலால் நோண்டியது. தண்ணீருக்குள் இறங்கிச் சம்பை வேரோடு இழுத்தது, அட்டை கடித்தது. வேலியில் இருந்த கொடிக்குக் கிழங்கு விஷமாம், தோண்டித் தோண்டி எடுத்து எரித்தது.

“அக்கா, நொச்சிய?”

“அதான் ஒனக்கு ஒடம்பு தேறிடுச்சே. இனிமே எதுக்கு?”

ஒரு வெள்ளைச் செங்கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். சுண்ணாம்பு புடவையில் ஒட்டியது. தெம்பைக் கூட்டிக்கொண்டு சொன்னேன்.

“அக்கா, இதெல்லாம் தானா மொளச்சது இல்ல. உங்க தம்பி நட்டது.”

“எது?”

“நீங்க புடுங்கினது எல்லாம். கோரை, சம்பு, கொடி, எல்லாம். அக்கரையிலேர்ந்து தலையில தூக்கிட்டு வந்து, புளியங்கொட்டை வீசி, விழுந்த எடத்துல குழி நோண்டி ஒண்ணொண்ணா நட்டாரு. சாகும்போது இதப் பாத்துக்கன்னு சொல்லிட்டுச் செத்தாரு அக்கா.”

அக்கா என்னையே பார்த்தார். அந்த முகத்தில் கல்யாணக் களை போய் வேறென்னவோ வந்தது. புரிந்துவிட்டது என்று ஒரு கணம் நினைத்தேன். பயந்தேன்கூட, தாங்குவாரா என்று.

“கோரைய யாராவது நடுவாங்களாம்மா?” என்றார் மெதுவாக. “புளியங்கொட்டைய வீசியா?”

குனிந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அந்த உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். சில உடைந்து, சில காய்ந்து. என் நெற்றியில் அவை சொரசொரவென்று உரசின.

“இன்னும் சூடு வுடல. நான்தான் அவசரப்பட்டு ஒன்ன கூட்டியாரச் சொல்லிட்டேன்” என்று சொல்லி அழத் தொடங்கினார்.

அந்தக் கையை நான் என்ன சொல்வேன்? அந்தக் கைதான் எனக்குக் கஞ்சி ஊட்டியது. அந்தக் கைதான் என் துணியை அலசியது. அதே கை என் புருஷனை இரண்டாம் தடவை புதைத்து, மேலே செம்மண் போட்டுத் தட்டி, வரிசை கட்டி வைத்திருந்தது. நான் அக்காவை வெறுத்தேன். இன்றைக்கும் அதை வேறு சொல்லால் எழுத எனக்கு மனசில்லை. வெறுத்துக்கொண்டே அவர் கண்ணை என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

நீர்க்கோழி எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. காய்ச்சல் என்பார்.

மறுநாள்

மறுநாள் கல்லறைத் திருநாள். என்னை ஏரி வீட்டில் தனியே விட மாட்டேன் என்று அக்கா அன்று மாலையே டவுனுக்குத் திரும்பக் கூட்டிப்போனார். கிளம்பும்முன் தட்டெடுத்துக்கொண்டு பாத்திகளுக்குள் இறங்கிச் சாமந்தி பறித்தார்.

கல்லறையில் நல்ல கூட்டம். எங்கு பார்த்தாலும் புதுச் சுண்ணாம்பு, ஊதுவத்தி, மெழுகு உருகும் வாசனை. ஒருவருக்கொருவர், “உங்களுது நல்லா செஞ்சிருக்கீங்க” என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். என் கணவரின் கல்லறையும் பளிச்சென்று இருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே அளவில், அதே இடைவெளியில் மற்றவை. கயிறு பிடித்ததுபோல் ஒன்றும் கோணவில்லை.

அக்கா தட்டிலிருந்த சாமந்தியைக் கல்லின்மேல் மூன்று வரிசையாக அடுக்கினார். ஒரு பூ விலகியிருந்தது. அதைச் சரிசெய்தார். மெழுகுவர்த்தி ஏற்றி, முட்டி போட்டுச் செபம் சொல்லி எழுந்தார். என் தோளை அணைத்துக்கொண்டார்.

“தம்பி வூட்டுப் பூவே தம்பிக்கு வந்துடுச்சு பாத்தியா? அங்கயும் சுத்தம், இங்கயும் சுத்தம். இப்ப ரெண்டு எடமும் ஒரே மாதிரி ஆயிடுச்சு ரோசாலி.”

“ஆமாக்கா” என்றேன். “இப்ப ரெண்டும் கல்லறை.”

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. எனக்குப் புத்தி தெளிந்துவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம். என் கையை எடுத்து, கொப்புளம் காய்ந்த தன் கைக்குள் வைத்துக்கொண்டார். வாசல் வரைக்கும் விடவே இல்லை.